சுவரில் இருந்த பாஸ்வேர்டு

பட்டன் போன் காலம் பத்திரமான காலம் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. போன வாரம்கூட எங்கள் லேபில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். தருமபுரியில் தண்ணீர் பரிசோதிக்கிற லேப் எங்களுடையது. கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாம் பாட்டிலில் வரும், பார்த்து எழுதிக் கொடுப்போம். பேசியவர் எனக்கு மூத்தவர், நல்ல மனிதர். மகள் கையில் எந்நேரமும் போன் இருப்பதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். “இந்த டச் போன் வந்துதாம்மா எல்லாம் கெட்டுச்சு. அப்பல்லாம் பட்டன் போன்ல என்ன இருந்துச்சு? பேசுவோம், வெச்சிருவோம். நெட்டுல ஒருத்தன் நம்மள ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்ததற்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இண்டூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்போது வீட்டுக்கு ஒரே போன், அது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். கலர் திரை, கீழே பட்டன்கள். நடுப் பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டால் திரையில் ஒரு பூமி உருண்டை சுற்ற ஆரம்பிக்கும். அதுதான் இண்டர்நெட். தக்காளிக்காட்டில் குனிந்து நிற்கும்போது சட்டைப்பையில் அது தானாகவே அழுந்தி உருண்டை சுற்றினால், அப்பா பாம்பைக் கண்டதுபோல் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவார். சிவப்புப் பட்டனை அழுத்து என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஓடி வருவதைத்தான் அவர் நம்பினார்.

நான் தருமபுரியில் கல்லூரிக்குப் போய் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தேன். ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் துறை மேடம் சொல்லி விண்ணப்பித்தேன். விண்ணப்பத்துக்கு மெயில் ஐடி வேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் ஒன்று உருவாக்கினேன். பாஸ்வேர்டு என்று ஒன்றைக் கொடுத்தேன், ஊருக்கு வந்து சேர்வதற்குள் மறந்தும் விட்டேன். மறுபடி போய், புது ஐடி எடுத்து, விண்ணப்பத்தை முதலிலிருந்து நிரப்ப வேண்டியதாயிற்று. தக்காளி பறிக்க ஆள் சொல்லி வைத்திருந்த நாள் அது. அப்பா அதையெல்லாம் விட்டுவிட்டு என்னோடு வந்து, அந்தச் சின்னக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே முழு நாளும் நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தக்காளி கிரேட்டில் பெயர் எழுதுகிற கறுப்பு மார்க்கரை எடுத்ததுதான். எங்கள் வீட்டில் முன்னறைச் சுவரில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில்தான் முக்கியமான நம்பர் எல்லாம் இருக்கும். லைன்மேன், மாட்டு டாக்டர், மோட்டார் மெக்கானிக், பால் சொசைட்டி. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். காகிதம் தொலைந்து போகும், சுவர் எங்கே போகும்? அந்த வரிசையில் மாட்டு டாக்டருக்குக் கீழே “பாப்பா மெயில்” என்று தலைப்புப் போட்டு, என் ஐடியையும் அதற்கு அடியில் பாஸ்வேர்டையும் அப்பா எழுதினார். அவருக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது. நான் நோட்டில் எழுதிக் காட்டியதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கோலம் போடுவதுபோல் வரைந்தார். எழுதி முடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்து, “இனி மறந்தாலும் கவலையில்ல” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலேயே மிகப் பத்திரமான இடம் அதுதான் என்று நானும் நினைத்தேன்.

எழுத்துத் தேர்வு ஓசூரில் நடந்தது. நன்றாக எழுதினேன். தேறியவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் மெயில் வரும், அதில் ஒரு தேதி இருக்கும், வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடு அந்தத் தேதியில் வந்துவிட வேண்டும், வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு மெயிலில்தான் என் உயிர் இருந்தது. காரணம், அப்பாவுக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது. வேலை கிடைத்தால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் அவர்கள் காட்டுகிற மாப்பிள்ளையை நான் பார்க்க வேண்டும். அப்பா இதற்கு ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். என்னோடு படித்தவர்களில் நான்கு பேருக்கு அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது.

மெயில் பார்ப்பதற்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். சாயங்காலம் அப்பாவிடம் போனை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறுவேன். வத்தல்மலைக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் சிக்னல் வரும். இரண்டு அம்புக்குறி மாறி மாறிக் கண்ணடித்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் மாடு ஒரு தொட்டி தண்ணீரைக் குடித்து முடித்துவிடும். முதல் பக்கத்தில் உள்பெட்டி என்று இருக்கும், பக்கத்தில் எத்தனை புது மெயில் என்று எண் இருக்கும். பூஜ்யம் என்றால் அதோடு மூடிவிடுவேன். உள்ளே போய்ப் பார்க்க இன்னும் நான்கு பக்கம் திறக்க வேண்டும், பாதியில் சிக்னல் அறுந்துபோகும். புது மெயில் இல்லாதபோது உள்ளே போய் என்ன செய்வது? அன்றைக்கு போனில் மெயில் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்த்தோம்.

பத்திரமாகத்தான் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் கடைசி வருஷம் இண்டர்நெட் பாதுகாப்பு என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பெண்களை மட்டும் உட்கார வைத்தார்கள். பையன்கள் வெளியே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். போட்டோ போடாதீர்கள், முன்பின் தெரியாதவனுக்குப் பதில் அனுப்பாதீர்கள், பரிசு விழுந்திருக்கிறது என்றால் நம்பாதீர்கள், பார்த்து முடித்ததும் வெளியே வந்துவிட்டீர்களா என்று சரி பாருங்கள் என்று ஒரு மணி நேரம் எங்களைப் பயமுறுத்தி அனுப்பினார்கள். அத்தனையையும் செய்தேன். என் முகம் அந்த போனில் ஒரு படமாகக்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் பார்த்து முடித்ததும் வெளியேறு என்பதை அழுத்தி, பார்த்த பக்கங்களின் பட்டியலையும் அழித்துவிட்டுத்தான் தொட்டியிலிருந்து இறங்குவேன். திருடன் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறான் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து எங்கள் வீட்டுப் பஜ்ஜியைத் தின்பான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தேர்வு எழுதி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாலக்கோடு பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நான் குதித்தேன். மூன்று வாரம் முடியவில்லையே, பேச்சு என்ன ஆனது என்று கேட்டேன். அப்பா தரையைப் பார்த்தார். அம்மாதான் பதில் சொன்னாள். “பார்த்துட்டுப் போறாங்க, பார்த்தா என்ன தேய்ஞ்சா போயிருவ? சொந்தக்காரங்கள வராதீங்கன்னு சொல்ல முடியுமா?”

வந்தார்கள். பையன், அவன் அம்மா, அப்பா. பையனைக் காற்று வரட்டும் என்று ஃபேனுக்கு நேராக, ஸ்விட்ச் போர்டை ஒட்டி உட்கார வைத்தார்கள். கையில் எங்கள் போனைவிடப் பெரிய போன் வைத்திருந்தான். நான் காபி கொண்டு போனபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி பாத்திரம் எடுக்கப் போனபோதும் சுவரையே பார்த்துவிட்டுக் குனிந்து போனில் எதையோ தட்டினான். கூச்ச சுபாவம் போலிருக்கிறது, பரவாயில்லை என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. அவன்மேல் ஒரு நொடி இரக்கப்பட்டேனே என்பதுதான் எரிகிறது.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் தொட்டி மேல் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு நாளும் பூஜ்யம். அம்மா கீழே நின்றுகொண்டு, “வந்துச்சா?” என்பாள். இல்லை என்பேன். அவள் முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாது. நான் தேர்வில் செய்த கணக்குகளைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். எங்கே தப்பு விட்டேன் என்று தெரியவில்லை.

பதிமூன்றாம் நாள் காலையில் பையனின் அம்மா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள், அது ஒன்றுதான் அவளுக்கு அந்த போனில் பிடித்த வசதி.

“பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க. எம் பையன் எல்லாம் செக் பண்ணிட்டானுங்க. இந்தக் காலத்துல யாரு எப்பிடின்னு தெரிய மாட்டேங்குது இல்ல, அதான். மெயிலு கியிலு எல்லாம் அக்குவேறா ஆணிவேறா பார்த்துட்டான். ஒரு ஆம்பளப் பையன் பேரு கூட இல்லியாம். தங்கமான பொண்ணுன்னு சொல்லிட்டான்.”

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். “பார்த்தியா, உன்னப் பத்தி என்னமா சொல்றாங்க” என்று என் கன்னத்தைத் தொட்டாள். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன். முதல் பக்கம் திறந்தது. பூஜ்யம். அன்றுதான் முதல் தடவையாகப் பூஜ்யத்தைத் தாண்டி உள்ளே போனேன்.

ஓசூர் கம்பெனியின் மெயில் அங்கே இருந்தது. பாலக்கோட்டுக்காரர்கள் பெண் பார்த்துப் போன மூன்றாம் நாளே வந்திருக்கிறது. நான் தேறிவிட்டேன். வரச் சொல்லிய தேதி, நான் தொட்டி மேல் நின்றுகொண்டிருந்த அன்றைக்கு முந்தின நாள். மெயில் வந்த சூட்டோடு அவன் பெங்களூரில் உட்கார்ந்து திறந்து படித்துவிட்டான். ஒருவர் படித்துவிட்டால் அது புது மெயில் இல்லை. அதனால் எனக்குப் பூஜ்யம் காட்டியது. என் வேலை அந்தப் பூஜ்யத்துக்குள் பத்து நாளாகக் கிடந்திருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. அனுப்பியவை என்று ஒரு பெட்டி உண்டு, அதைத் தேடிப் போனேன். என் பெயரில் ஒரு கடிதம் இருந்தது. கம்பெனிக்கு, இங்கிலீஷில், பிழையில்லாமல். எனக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டதால் இந்த வேலையில் விருப்பமில்லை, தயவுசெய்து வேறொருவருக்குக் கொடுங்கள், வாய்ப்புக்கு நன்றி என்று எழுதி, கீழே தங்கள் உண்மையுள்ள என்று போட்டு என் பெயர். என் பெயரை நான் எழுதுவதைவிட ஒரு எழுத்து கூடுதலாகப் போட்டு எழுதியிருந்தான். சின்னத் திரையில் கீழே கீழே நகர்த்தி அதைப் படிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. படித்து முடித்ததும் தொட்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. போனைத் தூக்கிக் கல்லில் அடிக்க வேண்டும்போல் இருந்தது, அதில்தான் சாட்சி இருக்கிறது என்று விட்டேன்.

அம்மாவிடம் அவன் நம்பரை வாங்கி நானே அழைத்தேன். பெண் தானாகப் பேசுகிறாள் என்று அவனுக்கு ஆச்சரியம், கொஞ்சம் மகிழ்ச்சிகூட.

“நீங்க ஏங்க என் பேர்ல லெட்டர் போட்டீங்க?” என்றேன்.

“ஓ, பார்த்துட்டீங்களா? உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்? கல்யாணம் ஆனா பெங்களூருதான வரப்போறீங்க. ஓசூர்ல ஹாஸ்டல்ல தங்கி அந்தக் கெமிக்கல் நாத்தத்துல நிக்கணுமா? அதான் நானே டீசண்டா எழுதி அனுப்பிட்டேன்.”

“கல்யாணம் யார் சொன்னாங்க? நான் சரின்னே சொல்லலியே.”

“பெரியவங்க பேசிட்டு இருக்காங்க இல்லீங்க.”

“பாஸ்வேர்டு எப்பிடித் தெரியும்?”

சிரித்தான். “வூட்டுச் செவுத்துல எழுதி வெச்சிருந்தீங்களே? பார்க்கத்தான எழுதி வெச்சிருக்கீங்க.” கொஞ்சம் நிறுத்தி, அக்கறையாக ஒன்று சேர்த்துக்கொண்டான். “அப்பிடியெல்லாம் செவுத்துல எழுதக் கூடாதுங்க. சேஃப் இல்ல. யாராச்சும் மிஸ்யூஸ் பண்ணிருவாங்க.”

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ முட்டாள்தனமான பேச்சைக் கேட்டிருக்கிறேன். இதற்கு நிகராக ஒன்றை இன்றுவரை கேட்கவில்லை. அவன் வேஷம் போடவில்லை, என்மேல் உண்மையாகவே அக்கறைப்பட்டான். என் மெயிலைத் திறந்தது, படித்தது, என் கையெழுத்தைப் போட்டது எதுவும் அவன் கணக்கில் மிஸ்யூஸ் இல்லை. வேறு எவனாவது செய்தால்தான் மிஸ்யூஸ்.

அப்பாவிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. “படிச்சுட்டானா? படிச்சா என்ன, அதுல தப்பா ஒண்ணும் இல்லியே” என்றார். உங்க பேர்ல ஒருத்தன் கையெழுத்துப் போட்டுக் காட்டை வித்துட்டா என்ன பண்ணுவீங்க என்று கேட்டேன். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சட்டையை மாட்டினார். அன்றைக்கே ஓசூருக்குப் பஸ் ஏறினோம்.

கம்பெனியில் எங்களை ஒரு மேடம் பார்த்தார். பொறுமையாகத்தான் கேட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தக் கடிதத்தை எனக்கே காட்டினார். இதை நான் எழுதவில்லை என்றேன்.

“உங்க மெயில்ல இருந்துதானேம்மா வந்திருக்கு? பாஸ்வேர்டு உங்களுதுதானே?”

“என்னுதுதாங்க. ஆனா வேற ஒருத்தர் அனுப்பிட்டாரு.”

“யாரு?”

பெண் பார்க்க வந்தவர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த வெட்கமும் என் தலையில்தான் விழுந்தது பாருங்கள், செய்தவனுக்கு விழவில்லை. அப்பா முன்னால் வந்து மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். “தப்பு என்மேலதாங்க. பாப்பா மறந்துருதேன்னு நான்தான் செவுத்துல எழுதி வெச்சேன். வூட்டுக்கு வந்தவன் பார்த்துட்டான். அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்ன வேணா சொல்லுங்க, வேலையை மட்டும் குடுத்துருங்க.” அந்த மேடம் சிரித்துவிடுவார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. வேறொரு பெண் நேற்றே சேர்ந்துவிட்டாள், இனி அவளை அனுப்ப முடியாது, அடுத்த முறை ஆள் எடுக்கும்போது விண்ணப்பியுங்கள் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்மேல் கத்த வேண்டும்போலவும் இருந்தது, அவர் மேஜையில் கையூன்றி நின்றதை நினைத்தால் கத்தவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதிர் அரிவாளை எடுத்து, சுவரில் அந்த இரண்டு வரியை மட்டும் சுண்ணாம்பு உதிர உதிரச் சுரண்டினார். அம்மா அழுதுகொண்டே பெருக்கினாள்.

மறுநாள் தொட்டி மேல் ஏறிப் பாஸ்வேர்டை மாற்றினேன். பழையது ஒரு தடவை, புதியது இரண்டு தடவை தட்ட வேண்டும். ஒரே எழுத்துக்கு ஒரு பட்டனை மூன்று தடவை, நான்கு தடவை அமுக்க வேண்டும், திரையில் நட்சத்திரம் மட்டும்தான் தெரியும், என்ன விழுந்தது என்று தெரியாது. இரண்டும் பொருந்தவில்லை என்று ஐந்து தடவை திருப்பி அனுப்பியது. ஆறாவது தடவை ஏற்றுக்கொண்டது. இறங்கி வந்ததும் அம்மா, “புதுசு என்ன?” என்று சாதாரணமாகக் கேட்டாள்.

“சொல்ல மாட்டேன்.”

“எங்ககிட்டயேவா?”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

எங்கள் வீட்டில் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று ஒன்று அந்த வீட்டில் அதுவரை இருந்ததே இல்லை. “அப்ப நாங்க யாரோ எவரோ ஆயிட்டமா?” என்று கேட்டுவிட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேலையைத் தொலைத்தவள் நான், சமாதானம் சொல்ல வேண்டியவளும் நானாகிப் போனேன்.

இதற்கிடையிலும் சம்பந்தம் முறியவில்லை என்றால் நம்புவீர்களா? அம்மா பக்கத்துச் சொந்தம் நான்கு பேர் வந்து பேசினார்கள். பையன் ஆசையில் செய்துவிட்டான், கெட்ட எண்ணம் இல்லை, வேலை என்ன பெரிய வேலை, இப்படி அக்கறையான மாப்பிள்ளை கிடைக்குமா என்றார்கள். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பேச்சுப்படி வேலை கிடைக்காவிட்டால் நான் மாப்பிள்ளை பார்க்க வேண்டுமே. அந்த வேலையைக் கிடைக்காமல் செய்தவனையே கட்டிக்கொள்ளச் சொல்வார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பையனின் அம்மா மறுபடி அழைத்தார். வழக்கம்போல ஸ்பீக்கர். அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். குரலில் பழைய தேன் இல்லை.

“ஏங்க, பொண்ணு பாஸ்வேர்டை மாத்திருச்சாமே? எம் பையன் ரெண்டு நாளா பார்க்கறானாம், தொறக்க மாட்டேங்குதாம். நல்லாத்தான இருந்துச்சு, திடீர்னு எதுக்கு மாத்தணும்? மறைக்கற மாதிரி என்ன இருக்குது? எங்களுக்கு மனசு ஒரு மாதிரி இருக்குதுங்க. புதுசு என்னன்னு சொல்லிட்டா, அவன் ஒருக்கா பார்த்துக்குவான், நாங்களும் தட்டை மாத்திக்குவோம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா போனைப் பார்த்தார். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பெண் வாய் திறக்கும் வழக்கம் எங்கள் பக்கம் அப்போது கிடையாது. நான் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

“அத்தை, நான்தான் பேசறேன். உங்க பையனோட பாஸ்வேர்டை மொதல்ல சொல்லச் சொல்லுங்க. நானும் அவரு மெயிலை ஒருக்கா பார்த்துக்கறேன். அவரு ஆபீசுக்கு எதாச்சும் லெட்டர் போட வேண்டி இருந்தா நானே டீசண்டா போட்டுடறேன். அப்புறம் தட்டை மாத்திக்கலாம்.”

அந்தப் பக்கம் லைன் அறுந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா எழுந்து, “அடுத்த வாட்டி ஓசூர்க்காரங்க எப்ப ஆள் எடுக்கறாங்கன்னு கேட்டு வெய்யி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனார்.

ஓசூர்க்காரர்கள் மறுபடி ஆள் எடுக்கவில்லை. இரண்டு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், அதன் பிறகுதான் இந்த லேப் கிடைத்தது. அவனுக்கு அதே வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போனால் இன்றைக்கும் என்னைப் புதிதாக வந்த மருமகள்களுக்குக் காட்டிச் சிரிப்பார்கள். மாப்பிள்ளைகிட்டயே பாஸ்வேர்டு கேட்ட பொண்ணு இதுதான், வாய் ஜாஸ்தி, அதனாலதான் அந்த நல்ல இடம் தட்டிப்போச்சு என்பார்கள். அவன் என் பெயரில் ஒரு கடிதம் எழுதினான் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.